பாம்பனைத் தாண்டிய பாசி: கண்ணில் பட்டால் யாரிடம் சொல்வது?

ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா, தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. இது பாடப்புத்தகப் பெயர். உள்ளூர்க்காரர்களுக்கு வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே இருப்பது ஆண்கடல். வருடத்தின் பெரும்பகுதி வடக்கே அலை அவ்வளவாக இருக்காது. அதனால்தான் மண்டபம், பாம்பன் வடபகுதிகளில் மூங்கில் மிதவைகளைக் கட்டி, அதில் கயிறு இழுத்துக் கடல்பாசி வளர்க்கிறார்கள்.

வாடைக்காற்று வந்தால் நிலைமை வேறு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெண்கடலும் சீறும். மிதவை ஆடும், கயிறு அறும், பாசி துண்டு துண்டாக உடைந்து மிதக்கும். அந்த மாதங்களில் நீரோட்டமும் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பி, பாம்பன் கால்வாய் வழியாக ஆண்கடலுக்குள் போகிறது. கால்வாயைத் தாண்டியதும் எதிரே இருப்பது குருசடைத் தீவு. அதைச் சுற்றி இருப்பவை, சட்டப்படி யாரும் கை வைக்கக் கூடாத பவளப்பாறைகள்.

அந்தப் பாறைகளின் மேல்தான் இந்தப் பாசி வளர்ந்துகொண்டிருக்கிறது. இது புதுச் செய்தி அல்ல. அறிவியல் இதழில் வெளியாகி பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால், கடலில் இதைப் பார்க்கும் ஒருவர் யாரிடம், எப்படிச் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் தெளிவான பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

எங்கிருந்து வந்தது?

பாசியின் பெயர் கப்பாபைகஸ் அல்வரேசி. தாயகம் பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடல். ஐஸ்கிரீம் உருகாமல் கெட்டியாக நிற்கவும், டூத்பேஸ்ட் குழைவாக வரவும் சேர்க்கும் கராஜீனன் என்ற பொருள் இதிலிருந்துதான் கிடைக்கிறது. இதைப் பிழிந்தெடுக்கும் சாறு வயலுக்குப் பயிர் ஊக்கியாகவும் போகிறது. இன்று காலை பல் துலக்கியவர்களில் பலர் தெரியாமலேயே இந்தப் பாசியின் வாடிக்கையாளர்கள்தான்.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தது மத்திய அரசின் உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். 1984-ல் ஜப்பான் வழியாக வந்தது. குஜராத்தின் ஓகா கடலில் சோதனை முடிந்து, 1990-களின் நடுவில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டுவாக்கில் பெப்சி நிறுவனம் தொழில்நுட்ப உரிமம் பெற்று, சுயஉதவிக் குழுப் பெண்களை வைத்து ஒப்பந்த முறையில் வளர்க்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அந்த நிறுவனம் தொழிலை வேறொரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டு விலகியது. ஆனாலும் கரையோர ஊர்களில் இதற்குப் ‘பெப்சி பாசி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆபத்து இருக்கலாம் என்ற எண்ணம் அரசுக்கு அப்போதே இருந்தது. 2005 டிசம்பரில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. வெளிநாட்டுப் பாசியைப் பாக் விரிகுடாவின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் வளர்க்கலாம். இடையில் உள்ள தீவுப் பகுதியில் கூடாது என்பது அதன் சாரம். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளைக் காப்பாற்றத்தான் இந்தக் கோடு.

காகிதத்தில் கோடு சரிதான். கடலில் யார் வேலி போடுவது? 2008-ல் மதுரை ஆய்வாளர்கள் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, குருசடைத் தீவின் மான்கொம்புப் பவளங்கள் மேல் இந்தப் பாசி படர்ந்திருப்பதை முதன்முதலாகப் பதிவு செய்தது. அதன் பிறகு சிங்கில் தீவு, முள்ளித் தீவு என்று பக்கத்துத் தீவுகளின் பெயர்களும் ஆய்வறிக்கைகளில் சேர்ந்தன.

விதை வேண்டாம், துண்டு போதும்

கப்பாபைகஸ் பரவ விதையோ வித்தோ தேவையில்லை. முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் மரமாகிற மாதிரி, உடைந்த துண்டு எங்கே ஒட்டினாலும் புதுச் செடி. வளர்ப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். சிறு துண்டுகளைக் கயிற்றில் கட்டி விடுவார்கள். 45 நாளில் அது நாலைந்து மடங்கு எடைக்கு வந்து நிற்கும். வளர்ப்பவருக்கு லாபம் கொடுக்கிற அதே குணம்தான் பவளத்துக்கு எமன்.

பவளம் என்பது கல் அல்ல. கல்லுக்குள் வாழும் சிறு உயிர்களின் கூட்டம். அவற்றின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் சமைத்துக் கொடுக்கும் உணவில்தான் அவை பெரும்பாலும் உயிர் வாழ்கின்றன. மேலே தடித்த பாசி போர்வை மாதிரி மூடினால் வெளிச்சம் போய்விடும், நீரோட்டம் குறையும், வண்டல் தங்கும். கொஞ்ச நாளில் அடியில் இருப்பது வெறும் சுண்ணாம்பு எலும்பு. மன்னார் வளைகுடாப் பவளங்கள் ஏற்கெனவே 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் வெளிறி அடிபட்டவை. நோயாளியின் மேல் மூட்டை வைப்பது போலத்தான் இது.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இந்தக் கதை நன்றாகவே தெரியும். விறகுக்கு ஆகும் என்று நம்பிக் கொண்டுவந்த சீமைக்கருவேலம் கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் என்ன செய்தது என்பதை இந்த மாவட்டம் கண்ணெதிரே பார்த்தது. கடைசியில் அதை வெட்டச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவு போட வேண்டியிருந்தது. கருவேலமாவது ரோட்டில் போகிற எல்லோர் கண்ணிலும் பட்டது. கடலுக்கு அடியில் நடப்பது மூழ்குபவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போ பாசி வளர்ப்பதையே நிறுத்திவிடலாமா?

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. இந்தத் தொழில் பல நூறு குடும்பங்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, கையில் காசு பார்க்க வைத்த தொழில். கடற்கரையில் மீன் விற்றும் கருவாடு போட்டும் கிடைக்காத ஒழுங்கான வருமானம் மிதவையில் கிடைத்தது. கணவர் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுப் படகு போன வீடுகளில் அடுப்பு எரியக் காரணமாக இருந்ததும் இதே மிதவைதான்.

அறிவியல் தரப்பிலும் ஒரே குரல் இல்லை. பாசியை அறிமுகப்படுத்திய தரப்பு ஆய்வாளர்கள், குருசடையில் படர்ந்த பரப்பு சிறியது, இங்கே இது வித்து மூலம் இனப்பெருக்கம் செய்வதில்லை, கையாலேயே அகற்றிவிடலாம் என்கிறார்கள். பவள ஆய்வாளர்கள், அகற்றிய இடத்திலேயே திரும்ப முளைக்கிறது, புதுத் தீவுகளுக்கும் போகிறது என்கிறார்கள். இரண்டு தரப்பும் சொல்வதைச் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் துலங்கும். பரப்பு சிறியதாக இருக்கும்போது கையாலேயே எடுத்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் சிறியதாக இருக்கும்போதே அது யாருக்காவது தெரிய வேண்டும். வாதம் முழுக்க ‘இது ஆபத்தா, இல்லையா’ என்பதிலேயே நடந்து, ‘இன்று எங்கே இருக்கிறது’ என்பதில் நடக்காமல் போனதுதான் இழப்பு.

2013-க்குப் பிறகு கடல் சூடாகி, பாசி வெளுத்து அழுகும் நோய் வந்து, உற்பத்தி பெரிய அளவில் சரிந்தது. பலர் விட்டுவிட்டுப் போனார்கள். அத்தோடு பிரச்சினையும் தானாகக் குறைந்துவிடும் என்று சிலர் நினைத்தார்கள். நடந்தது வேறு.

இப்போது ஏன் அவசரம்?

2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குப் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு சுமார் 127 கோடி ரூபாய். நாடு முழுக்கப் பாசி உற்பத்தியை 11 லட்சம் டன்னுக்கு மேல் கொண்டுபோவது மத்திய அரசு வைத்த இலக்கு. அத்தனை பாசிக்கு விதைப்பாசி வேண்டும். இங்கே இருக்கிற ரகம் பலமிழந்துவிட்டது. எனவே வெளிநாட்டிலிருந்து புது ரகங்கள் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 2024 அக்டோபரில் உயிருள்ள கடல்பாசியை இறக்குமதி செய்வதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய மீன்வளத் துறை வெளியிட்டது.

நெறிமுறைகள் வந்தது நல்லதுதான். 1984-ல் இப்படி எதுவும் இல்லை. தேசியக் குழுவின் அனுமதி, தனிமைப்படுத்தி வைத்துச் சோதிப்பது, பரவும் ஆபத்தை மதிப்பிடுவது என்று வாசலில் காவல் போட்டிருக்கிறார்கள். 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் அயல் ஊடுருவி உயிரினங்களுக்கென 62ஏ என்ற பிரிவு வந்திருக்கிறது. அத்தகைய உயிரினங்களின் இறக்குமதி, விற்பனை, பெருக்கம் ஆகியவற்றைத் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ மத்திய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது.

இவை எல்லாம் உள்ளே வரும் கதவைப் பற்றியவை. ஏற்கெனவே உள்ளே வந்து, கயிறு அறுந்து, மிதந்து போய்க்கொண்டிருப்பதை யார் பார்ப்பது?

மற்ற நாடுகள் எப்படிப் பிடித்தன?

காலர்பா டாக்ஸிஃபோலியா என்று ஒரு பச்சைப் பாசி. மீன் தொட்டி அழகுக்காக ஐரோப்பாவில் வளர்த்தது. 1984-ல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, கடலடியில் சுமார் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு இதைப் பார்த்தார்கள். ஒரு பாய் விரிக்கிற இடம். யாருடைய பொறுப்பு, எங்கிருந்து வந்தது என்ற சண்டையில் ஆண்டுகள் ஓடின. 2000-ஆம் ஆண்டு வந்தபோது மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் அது பரவியிருந்தது. இன்று அதை முழுதாக அகற்றுவது பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை.

அதே ஆண்டு ஜூனில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு காயலில் கடற்புல் கணக்கெடுக்க மூழ்கியவர்கள் இதே பாசியைப் பார்த்தார்கள். மத்தியதரைக் கடல் கதை ஏற்கெனவே பரவலாகப் பேசப்பட்டிருந்ததால், கண்டதன் பொருள் உடனே புரிந்தது. மூன்று வாரத்துக்குள் வேலை தொடங்கியது. பாசியின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, ஓரங்களை மூடி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். 2006-ல் ஒழித்தாயிற்று என்று அறிவித்தார்கள். செலவு 70 லட்சம் டாலர் அளவில். அதிகம்தான். ஆனால் மத்தியதரைக் கடலில் எவ்வளவு கொட்டினாலும் இனி அந்த முடிவு கிடைக்காது.

ஒரே பாசி, இரண்டு முடிவு. வித்தியாசம் அறிவியலிலும் இல்லை, பணத்திலும் இல்லை. பார்த்தவருக்கு அடையாளம் தெரிந்திருந்தது, சொன்னதும் கேட்க ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

நம் கப்பாபைகஸே ஹவாயில் ஆடிய ஆட்டம் இன்னும் நெருக்கமான உதாரணம். 1974-ல் ஆராய்ச்சிக்காக கானியோஹே விரிகுடாவில் ஒரு சிறு தீவின் ஓரத்தில் விட்டார்கள். ஆழமான நீரைத் தாண்டாது என்று நம்பினார்கள். 22 ஆண்டு கழித்துப் பார்த்தபோது ஆறு கிலோமீட்டர் தாண்டியிருந்தது. பின்னால் படகில் பெரிய உறிஞ்சு குழாய் வைத்து, மூழ்குபவர்கள் பாசியைப் பிய்த்துக் குழாயில் திணித்து எடுத்தார்கள். மிச்சத்தைத் தின்ன, பண்ணையில் வளர்த்த கடல் முள்ளெலிகளை லட்சக்கணக்கில் விட்டார்கள். பலன் இருந்தது. ஆனால் அது முடியாத வேலை. வருடா வருடம் செய்ய வேண்டிய வேலை. (குருசடையிலிருந்து முள்ளித் தீவு வரைக்கும் உள்ள தூரத்தை வரைபடத்தில் ஒருமுறை அளந்து பார்த்தால், ஆறு கிலோமீட்டர் என்பதன் கனம் விளங்கும்.)

நியூசிலாந்தில் 2021-ல் கிரேட் பேரியர் தீவில் வேறு வகைக் காலர்பா வந்தபோது, அரசு முதலில் செய்த காரியங்களில் ஒன்று படகுக்காரர்களிடம் போனது. குறிப்பிட்ட விரிகுடாக்களில் நங்கூரம் போடத் தடை விதித்தார்கள். நங்கூரத்தில் பாசி வந்தால் கடலில் திரும்ப எறியாதே, பையில் போட்டுக் கட்டு, கரையில் குப்பையில் போடு, படம் எடுத்து அனுப்பு என்று நாலே வரியில் சொன்னார்கள். பாசி அங்கே இன்னும் ஒழியவில்லை. ஆனால் புதிதாக எங்கே வந்தாலும் உடனே தெரிகிறது.

முதலில் பார்ப்பவர் யார்?

மன்னார் வளைகுடாவில் அந்தக் கண்கள் யாருடையவை? ஆய்வாளர்கள் வருடத்தில் சில நாள் மூழ்குவார்கள். வனத்துறை ரோந்துப் படகில் போகும். படகின் மேலிருந்து பாறையடி தெரியாது. தினமும் முகத்தைத் தண்ணீருக்குள் வைப்பவர்கள் வேறு ஆட்கள்: சின்னப்பாலம், பாம்பன் பக்கத்துப் பாசியெடுக்கும் பெண்கள், சங்கு குளிப்பவர்கள், தீவோரம் வலை விடுகிற சிறு மீனவர்கள்.

பாசியெடுக்கும் பெண்கள் என்றால் மிதவையில் வளர்ப்பவர்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடி மாட்டி மூழ்கி, கையில் துணி சுற்றி, பாறையிலிருந்து நம் ஊர்ப் பாசியான மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி எல்லாம் பறித்து வருபவர்கள். எந்தப் பாறையில் எந்த மாதம் எது முளைக்கும் என்று அவர்களுக்கு மனப்பாடம். பாசி அழியக் கூடாது என்று மாதத்தில் 12 நாள் மட்டும் கடலுக்குப் போவது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது நினைவிருக்கலாம்.

பாறையில் அந்நியப் பாசி ஒன்று முளைத்தால் இவர்களுக்குத் தெரியாமல் போகாது. ஆனால் சொல்வார்களா?

சொல்வதற்குத் தடையாக நிற்பது சட்டம்தான். தீவுகள் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் உள்ளே போவதும், எதையாவது எடுப்பதும் வன உயிரினச் சட்டப்படி குற்றம். பவளம் 2001-லிருந்து அதே சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சமமாக இருக்கிறது. ‘குருசடை தெற்குப் பாறையில் பாசி பார்த்தேன்’ என்று ஒரு பெண் சொன்னால், அடுத்த கேள்வி ‘நீ அங்கே எதுக்குப் போனே?’ என்பதாகத்தான் இருக்கும். படகு பறிபோகுமோ, அபராதம் வருமோ என்ற பயத்தில் வாழும் ஊரில், யாரும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

பாதுகாப்புக்கு வைத்த விதி, எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிவைத்திருக்கிறது. விதியை எடுக்கச் சொல்லவில்லை. தகவல் சொல்பவரை அந்தத் தகவலை வைத்தே பிடிக்க மாட்டோம் என்று வனத்துறை எழுத்தில் சொன்னால் போதும். அந்த ஒரு வரி இல்லாமல் எத்தனை செயலி வெளியிட்டாலும் அதில் தகவல் வராது.

மிதவைக்காரர்களுக்கும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. புயலில் பத்து மிதவை சிதறினால் அவர் அதை நஷ்டமாகத்தான் பார்ப்பார். ‘பரவல் தகவல்’ என்று யாரிடமும் சொல்ல மாட்டார். மானியமும் கடனும் கொடுக்கிற திட்டத்திலேயே, சிதறிய மிதவையைத் தெரிவித்தால் விதைப்பாசிக்கு ஈடு என்று ஒரு விதி இருந்தால், எந்த நாளில் எங்கிருந்து எவ்வளவு துண்டு கிளம்பியது என்ற கணக்கு அரசின் கையில் இருக்கும். நீரோட்டம் தெரிந்த ஆய்வாளருக்கு அந்தக் கணக்கு தங்கம். எந்தத் தீவில், எந்த வாரத்தில் தேட வேண்டும் என்று அவர் சொல்லிவிடுவார்.

நீங்கள் பார்த்தால்?

வார இறுதியில் ராமேஸ்வரம் போகிறவர்கள் இப்போது கோயிலோடு திரும்புவதில்லை. குருசடைக்கு வனத்துறை ஏற்பாடு செய்யும் படகுச் சவாரி, பாக் விரிகுடாப் பக்கம் ஸ்நார்க்கலிங், கயாக் என்று கடலுக்குள்ளேயும் போகிறார்கள். கையில் நல்ல கேமராவும் இருக்கிறது. எனவே அடையாளம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கப்பாபைகஸுக்கு இலை கிடையாது. பென்சில் முதல் விரல் வரையிலான பருமனில், வழுவழுப்பான, சதைப்பற்றுள்ள உருண்டைக் கிளைகள். அழுத்தினால் ரப்பர் மாதிரி, வளைத்தால் படக்கென்று உடையும். நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. பச்சை, பழுப்பு, கருஞ்சிவப்பு என்று எல்லாம் உண்டு. நம் கட்டக்கோரையில் இலை போன்ற தட்டைப் பகுதியும் சின்னக் காற்றுப் பைகளும் இருக்கும். கஞ்சிப்பாசி மெல்லிய நூல்கற்றை போல இருக்கும். இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பவளத்தின் மேல் குவியலாக, சேமியாவைத் தடியாக்கிக் கொட்டியது போலக் கிடந்தால் சந்தேகப்படலாம்.

சந்தேகப்பட்டால் முதல் விதி: பிடுங்காதீர்கள். நல்லெண்ணத்தில் இழுப்பவர்தான் அதிகம் பரப்புகிறார். ஒரு கொத்தை இழுத்தால் பத்துத் துண்டு பறக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒட்டும். அகற்றுவது பயிற்சி பெற்றவர் வேலை; அவர்களும் சிறுகண் வலைப்பையை அடியில் பிடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். தவிர, தேசியப் பூங்காவுக்குள் எதைப் பிடுங்கினாலும் குற்றம்.

செய்ய வேண்டியது படம் எடுப்பது. கிட்டத்தில் ஒன்று, சுற்றுப்புறம் தெரிய ஒன்று. பக்கத்தில் அளவு தெரிய உங்கள் கை இருந்தால் போதும். கேமராவில் லொகேஷனை ஆன் செய்துவிட்டு எடுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். படத்தோடு இடம் பதிவாகிவிடும். நீருக்கடியில் ஜிபிஎஸ் கிடைக்காது என்பதால், மேலே வந்ததும் படகிலிருந்து ஒரு படம் கூடுதலாக எடுத்துவைப்பது நல்லது. தேதி, நேரம், சுமார் எத்தனை அடி ஆழம், எத்தனை பெரிய பரப்பு என்று இரண்டு வரி குறிப்பு. அழகான படத்தை இன்ஸ்டாவில் போடுவதற்கு முன் இதை அனுப்பிவிடுங்கள்.

எங்கே அனுப்புவது? தீவுப் பகுதிக்குப் பொறுப்பு ராமநாதபுரத்தில் உள்ள மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம். மண்டபம், கீழக்கரை, தூத்துக்குடியில் வனச்சரக அலுவலகங்கள் இருக்கின்றன. சவாரி கூட்டிப்போன படகுக்காரரிடமோ வழிகாட்டியிடமோ காட்டினால் அவர்களே சொல்லிவிட வாய்ப்பு அதிகம். அது கப்பாபைகஸ்தானா என்று உறுதி செய்யும் நிபுணர்கள் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இருக்கிறார்கள்.

படகு வைத்திருப்பவர்களுக்கும் வலைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள் கூடுதலாக உண்டு. நங்கூரத்திலோ வலையிலோ இந்தப் பாசி சிக்கினால், அறுத்துத் திரும்பக் கடலில் போடாமல் கரைக்குக் கொண்டுவந்து மேட்டில் காயப்போட வேண்டும். காய்ந்தால் செத்துவிடும். பெண்கடலில் சிக்கிய துண்டை ஆண்கடலில் உதறுவதுதான் மிக மோசம்.

ஒரு எண், ஒரு பலகை

இந்த அலுவலகப் பட்டியலைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? ‘இத்தனை பேரில் யாருக்கு?’ என்பதுதானே. வனத்துறை, மீன்வளத் துறை, மத்திய ஆராய்ச்சி நிறுவனங்கள் என்று ஆளுக்கொரு எல்லை. வளர்ப்பதற்கு ஊக்கம் கொடுப்பது ஒரு துறை, பரவியதை அகற்றுவது வேறொரு துறை. படித்து, போனும் கையுமாக இருப்பவருக்கே குழப்பம் என்றால், சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் அக்காவிடம் இதை எப்படி எதிர்பார்ப்பது?

127 கோடி ரூபாய்த் திட்டத்தில் இதற்கு ஆகும் செலவு சில்லறைக் காசு. எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரே வாட்ஸ்அப் எண். குந்துகால், பாம்பன், மண்டபம் படகுத்துறைகளில் பாசியின் பெரிய வண்ணப் படத்தோடு, அந்த எண்ணைப் போட்ட ஒரு பலகை. தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு இல்லை என்ற உறுதிமொழி அதே பலகையில். வந்த தகவலுக்கு இத்தனை நாளுக்குள் ஆள் மூழ்கிப் பார்த்து, கண்டதைப் பொதுவில் போட வேண்டும் என்ற கெடு. அகற்றும் வேலையில் பாசியெடுக்கும் பெண்களையே பயிற்சி கொடுத்துக் கூலிக்கு அமர்த்துவது. அவர்களை விட அந்தப் பாறைகளைத் தெரிந்த மூழ்குநர் இந்தியாவில் யாரும் இல்லை.

கடல்பாசிப் பூங்காவின் கட்டடம், உலர்த்தும் களம், விதைப்பாசி வங்கி எல்லாவற்றுக்கும் வரைபடம் இருக்கிறது. அதில் இந்தப் பலகைக்கும் ஓர் இடம் ஒதுக்கி, புது ரகத்தின் முதல் கயிறு கடலில் இறங்குவதற்கு முன்பே நட வேண்டும். பழைய ரகம் குருசடையில் இன்று எத்தனை சதுர மீட்டரில் இருக்கிறது என்ற கணக்கையும் அதற்கு முன்பே எடுத்து வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு இல்லாவிட்டால், நாளைக்குப் பாறையில் பார்ப்பது பழையதா புதியதா என்ற சண்டையில் இன்னொரு பதினைந்து ஆண்டு போகும். வாடை அக்டோபரில் தொடங்கிவிடும்.